கடற்கரை ரோடுதானே, பிளாட்டா இருக்கும்! கொங்கன் சைக்கிள் பயணத்தில் ஏன் இத்தனை ஏற்றம்?

மும்பையிலிருந்து கோவாவுக்குக் கடலோரமாகவே சைக்கிளில் போகலாம். இந்தத் தகவலை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது போட்டால் போதும், அடுத்த நிமிடமே ஒரு கணக்கு வந்து விழும். "மொத்தம் 550 கிலோமீட்டர்தானாம். ஒரு நாளைக்கு 100 ஓட்டினா ஆறு நாள்ல முடிச்சிடலாம். கடற்கரை ரோடுதானே, பிளாட்டா இருக்கும்ப்பா."

தூரம் சரிதான். சுற்றுகிற ஊர்களைப் பொறுத்து 500 முதல் 600 கி.மீ. வரும். தப்பு கடைசி வரியில் இருக்கிறது. ராய்கட், ரத்னாகிரி, சிந்துதுர்க் ஆகிய மூன்று மாவட்டங்களின் கடலோரக் கிராமச் சாலையில் 70, 80 கி.மீ. ஓட்டினால், அன்றைக்கு மொத்தமாக 1,000 முதல் 1,500 மீட்டர் உயரம் ஏறியிருப்பீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரையிலான ஏற்றமே ஏறக்குறைய 1,450 மீட்டர்தான். கோத்தகிரிக்கு சைக்கிளில் போகிறேன் என்றால் வீட்டில் இரண்டு முறை யோசிக்கச் சொல்வார்கள். கொங்கனில் அதே அளவு ஏற்றத்தை, கடல்மட்டத்தை விட்டுப் பெரிதாக விலகாமலே, நாலைந்து நாள் தொடர்ந்து ஏற வேண்டியிருக்கிறது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கடலோரத்தில் மேடு எங்கிருந்து வந்தது?

மேற்கு மகாராஷ்டிராவின் அடியில் இருப்பது தக்காணத்து எரிமலைப் பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்த பசால்ட். கொங்கன் கடலோரத்தில், குறிப்பாக ரத்னாகிரிக்கும் அதற்குத் தெற்கேயும், அந்தப் பாறைக்கு மேலே செந்நிறமான லேட்டரைட் ஒரு தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் வீடு கட்டுகிற வெட்டுக்கல் இதே கல்தான். மராத்தியில் 'ஜாம்பா'. இந்தத் தொப்பி தட்டையானது, மொட்டையானது. ஊர்க்காரர்கள் அந்த மேட்டை 'சடா' என்கிறார்கள்.

சஹ்யாத்ரி மலையில் பெய்கிற மழை கடலுக்குப் போக அதிக தூரமில்லை. சின்னச் சின்ன ஆறுகளாக, செங்குத்தாக, இந்த மேட்டை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் கீழே இருந்தது. பிறகு கடல் உயர்ந்தபோது, ஆறுகள் அறுத்து வைத்திருந்த பள்ளத்தாக்குகளுக்குள் உப்புத்தண்ணீர் புகுந்தது. அதுதான் இன்றைய கழிமுகங்கள். மேப்பில் கொங்கன் கரையைப் பெரிதாக்கிப் பார்த்தால், ரம்பத்தின் பல் மாதிரி தெரிவது இதனால்தான்.

ஆக, கடலுக்கு இணையாகப் போகிற சாலை என்ன செய்யும்? மேட்டுக்கு ஏறும், கொஞ்ச தூரம் சமமாகப் போகும், அடுத்த கழிமுகத்துக்கு இறங்கும், பாலமோ படகோ தாண்டும், மறுபடி ஏறும். ஒவ்வொன்றும் நூறு, நூற்றைம்பது மீட்டர்தான். ஊட்டி மலைப்பாதை மாதிரி "ஏறி முடிச்சாச்சு" என்று நிம்மதிப் பெருமூச்சு விட இடமே கிடையாது.

முதல் நாள் ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாண்ட்வா, அலிபாக், ரேவ்தண்டா வரை பெரும்பாலும் தென்னையும் பாக்கும் நிழல் தருகிற சமதளம். காஷித்துக்கு முன்னால்தான் லேசாக முதுகைக் காட்டும். அன்று ராத்திரி முருடில் உட்கார்ந்து "நாளைக்கு 120 அடிச்சிடலாம்" என்று திட்டத்தை மாற்றாதீர்கள்.

இறங்கும்போது சரியாகிவிடாதா?

ஏற்றத்தில் இழந்த நேரத்தை இறக்கத்தில் பிடித்துவிடலாம் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. திறந்த நெடுஞ்சாலையில் ஓரளவு நடக்கும். ஒரு இறக்கத்தின் வேகத்திலேயே அடுத்த ஏற்றத்தில் பாதியைக் கடந்துவிடலாம். கொங்கனில் அது நடக்காததற்குக் காரணம் மக்கள்தான்.

மேட்டில் தண்ணீர் நிற்காது, மண்ணும் குறைவு. ஊர்கள் எல்லாம் கீழே, கழிமுகத்தை ஒட்டிய தோப்புகளுக்குள் இருக்கின்றன. அதாவது ஒவ்வொரு இறக்கமும் ஒரு ஊருக்குள் போய்த்தான் முடிகிறது. கடைசி வளைவு திரும்பியதும் வேகத்தடை, அதை அடுத்து பள்ளிக்கூடம், மீன் கூடையோடு நடக்கிற பெண்கள், சாலை நடுவில் படுத்திருக்கும் நாய். ஜாம்பா கல்லை அடுக்கிய குட்டைச் சுவர் இரண்டு பக்கமும் நெருங்கி வரும். இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போய்த்தான் வழிவிட வேண்டும். இந்தச் சந்தில் 45 கி.மீ. வேகத்தில் போய்ச் சேருகிறவர் தன்னை மட்டுமில்லை, தெருவில் போகிற ஒரு குழந்தையையும் பணயம் வைக்கிறார். பிரேக் பிடித்தே ஆக வேண்டும். பிடித்ததும், மேலே ஏறிச் சேர்த்த சக்தி முழுக்கச் சூடாகப் போய்விடும். ஊர் முடிகிற இடத்தில் 10 கி.மீ. வேகத்தில் அடுத்த ஏற்றத்தை மொட்டையாகத் தொடங்குவீர்கள்.

இந்தச் சாலையில் வேகம் ஏறாததன் ரகசியம் இதுதான். மலைப்பாதையாக இருந்து ஆள் இல்லாமல் இருந்தால் இறக்கம் நமக்குச் சொந்தம். ஆள் இருந்து சமதளமாக இருந்தால் இழக்க ஒன்றுமில்லை. இங்கே இரண்டும் சேர்ந்திருக்கிறது.

கணக்குப் போட்டால் எவ்வளவு வருகிறது?

உங்கள் எடை 70 கிலோ, சைக்கிளும் பையும் சேர்த்து 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 90 கிலோவை 100 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 88 கிலோஜூல் வேண்டும். நாள் முழுக்க ஓட்டப் போகிற, பந்தயக்காரர் அல்லாத ஒருவர் நிதானமாகக் கொடுக்கக்கூடியது 100 வாட் அளவு. அந்தக் கணக்கில் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 15 நிமிடம் செலவு. ஒரு நாளில் பத்து ஏற்றம் என்றால் இரண்டரை மணி நேரம். மேப் ஆப் காட்டுகிற "5 மணி நேரம்" மேல் இதைக் கூட்டிப் பாருங்கள். அதற்கு மேல் படகுக்குக் காத்திருக்கிற நேரம், சாப்பாடு, பஞ்சர். சாயங்காலம் ஆறரைக்கு இருட்டிவிடும்.

அதனால் நாளைத் திட்டமிடும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். ஸ்ட்ராவா, கொமூட், ரைட் வித் ஜிபிஎஸ் என எந்த ஆப்பிலும் வழியைப் போட்டால் மொத்த ஏற்றத்தைக் காட்டும். அனுபவம் குறைந்தவர்கள் ஒரு நாளைக்கு 1,000 மீட்டருக்குள் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அப்போது 550 கி.மீ.க்கு எட்டு, ஒன்பது நாள் ஆகும். ஆறு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் ரத்னாகிரியோடு நிறுத்தலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

கியர் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். இங்கே சில ஏற்றங்கள் குட்டையாக இருந்தாலும் 10 சதவீதச் சரிவைத் தொடும். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருக்கிற ரோடு பைக்கில், நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் அந்தச் சரிவில் சுமார் 185 வாட் கொடுக்க வேண்டும். முன்னால் 26 பல் இருக்கிற டூரிங் அல்லது மவுண்டன் சைக்கிளில் அதே மிதிப்புக்கு 140-ஐத் தாண்டினால் போதும். கியரே இல்லாத சாதாரண சைக்கிளில், நிமிடத்துக்கு 40 மிதிதான் என்றாலும் 300 வாட் பக்கம் போய்விடும். அது பத்து நிமிடம் யாராலும் முடிகிற காரியமில்லை, இறங்கித் தள்ளத்தான் வேண்டும். தள்ளுவது தப்பில்லை. முழங்காலைக் கெடுத்துக்கொள்வதுதான் தப்பு. 'ஸ்டைலான' ரோடு பைக்கை விட, நண்பரிடம் கடன் வாங்கிய பழைய மவுண்டன் சைக்கிள் இந்தப் பாதைக்கு நல்லது என்பது என் கட்சி.

பிரேக் கட்டைகளைக் கிளம்பும் முன் புதிதாக மாற்றிவிடுங்கள். ஏறும்போது சேர்த்த அந்த 88 கிலோஜூல், இறங்கும்போது உங்கள் ரிம்மிலோ டிஸ்க்கிலோதான் போய் விழுகிறது. தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து, பிறகு விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். எதிரே மாநில அரசின் சிவப்பு எஸ்.டி. பஸ் வந்தால், வளைவில் முழுச் சாலையையும் அதுதான் எடுத்துக்கொள்ளும். ஹாரன் கேட்டதுமே ஓரம் கட்டி நின்றுவிடுங்கள். அந்த டிரைவருக்கு வேறு வழியும் இல்லை.

படகு எத்தனை? எங்கெங்கே?

பயணத்தின் தொடக்கமே படகில்தான். மும்பையின் பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகிற ரோ-ரோ கப்பல் 2020 மார்ச்சில் தொடங்கியது. சுமார் ஒரு மணி நேரம். மும்பையின் டிராஃபிக்கை ஒரு மிதி கூட மிதிக்காமல் தாண்டிவிடலாம் என்பதற்காகவே இதை எடுக்கலாம். பழைய நெடுஞ்சாலை பக்கம் போக வேண்டாம். மும்பை-கோவா நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை 2011-ல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. லாரிகளோடு சைக்கிளுக்கு அங்கே என்ன வேலை?

அதற்குப் பிறகு வரிசையாக அகர்தண்டா-திகி, பாக்மண்ட்லா-வேஷ்வி, தாபோள்-தோபாவே, தவ்சாள்-ஜய்கட் என்று நான்கு கழிமுகப் படகுகள். கோவா எல்லையில் தேரேகோல்-கேரி. தாபோள் படகில் அக்கரை போகச் சில நிமிடங்கள்தான். அதைத் தவறவிட்டு சிப்ளூண் வழியாகச் சுற்றினால் ஒரு முழு நாள் காலி. அதனால் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை முந்தின நாள் ராத்திரி தங்குமிடத்திலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நெட்டில் இருக்கிற பழைய அட்டவணையை நம்ப வேண்டாம். (இங்கே இன்னொரு குழப்பம்: தாபோலி வேறு, தாபோள் வேறு. முருட் என்றும் இரண்டு ஊர் உண்டு. ஜஞ்சிரா கோட்டைக்குப் பக்கத்தில் ஒன்று, தாபோலி தாலுகாவில் ஒன்று. ஹோம்ஸ்டே புக் செய்யும்போது மாவட்டத்தைப் பாருங்கள்.)

இந்தத் தட்டையான படகை உள்ளூரில் 'ஜங்கல் ஜெட்டி' என்பார்கள். கேரளத்தில் இதற்கு 'ஜங்கார்' என்று பெயர். படகுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவைக்கு மலையாளத்தில் 'சங்ஙாடம்', தமிழில் 'சங்கடம்' என்று ஒரு பழைய சொல் உண்டு. அதைப் போர்ச்சுகீசியர்கள் 'ஜங்காட' ஆக்கினார்கள். அதன் வழியாகவே இந்தப் பெயர்கள் வந்தன என்பது சொல் ஆராய்ச்சியாளர்கள் காட்டும் தடம். ஏறி இறங்கிக் களைத்தவருக்கு, மிதிக்காமல் முன்னேறுகிற ஒரே இடத்துக்குப் போய் சங்கடம் என்று பெயர்!

ஊர் இருப்பதால் என்ன லாபம்?

வேகத்தைப் பறிக்கிற அதே ஊர்கள்தான் இந்தப் பயணத்தைச் சாத்தியமாக்குகின்றன. கூடாரம், அடுப்பு, நாலு நாள் சாப்பாடு எதுவும் தேவையில்லை. இரண்டு செட் துணி, பஞ்சர் கிட், இரண்டு டியூப், மழைச்சட்டை, விளக்கு, இவ்வளவு போதும். பையில் குறைகிற ஒவ்வொரு கிலோவும் அந்த 88 கிலோஜூலில் கிட்டத்தட்ட ஒன்றைக் குறைக்கும். ஒரு நாளில் பத்து தடவை குறைக்கும்.

காலையில் போஹாவோ ஆம்போளியோ கிடைக்கும். ஆம்போளி நம்ம ஊர் ஆப்பத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். மத்தியானம் 'கானாவள்' என்று எழுதியிருக்கிற வீட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் மீன் தாலி, கூடவே கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் கலந்த சோல்கடி. வெயிலில் வந்து அதைக் குடித்தால் எந்த எனர்ஜி டிரிங்க்கும் தேவைப்படாது. ஹர்ணே துறைமுகத்தில் மாலை நேர மீன் ஏலத்தைப் பார்க்கும்படி அன்றைய ஓட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். கரைக்கு எதிரே சுவர்ணதுர்க் கோட்டை தெரியும். ஆனால் சைக்கிளோடு ஏலத்துக்கு நடுவே புகுந்து செல்ஃபி எடுக்காதீர்கள். அவர்களுக்கு அது வேலை நேரம்.

சாப்பாடும் தண்ணீரும் கீழேதான், மேலே கிடையாது என்பதை மறக்காதீர்கள். சடாவில் ஏறிவிட்டால் சில இடங்களில் பத்து கி.மீ.க்கு ஒரு மரம் கூட நிழல் தராது. கறுப்பேறிய பாறை கீழிருந்து சுடும். தாகம் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு ஊரிலும் கிளம்பும் முன் பாட்டிலை நிரப்புங்கள். "பாணி மிளேல் கா?", அதாவது தண்ணி கிடைக்குமா, என்று கேட்டால் மறுக்கிற வீடு அபூர்வம். பெரியவரைக் 'காகா' என்றும், வயதான பெண்ணை 'மாவ்ஷி' என்றும் கூப்பிடலாம். "புடே சட் ஆஹே கா?", முன்னால் ஏற்றம் இருக்கா, என்பது இன்னொரு உபயோகமான கேள்வி. "ஜவளச் ஆஹே", பக்கத்துலதான், என்று பதில் வந்தால் மட்டும் நம்பாதீர்கள். பைக்கில் போகிறவருக்கு அது பக்கம்தான்.

இன்னொரு விஷயம். ரத்னாகிரியைச் சுற்றியுள்ள இந்தச் சடாக்களில் தரைப் பாறையிலேயே யானை, மீன், மனித உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வரலாற்றுக்கு முந்தைய இந்தச் செதுக்கல்கள் 2022-ல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. எல்லாவற்றுக்கும் வேலி இல்லை. காலி மைதானம் மாதிரி தெரிகிறதே என்று சாலையை விட்டுச் சைக்கிளைப் பாறைமேல் ஏற்றாதீர்கள்.

எப்போது கிளம்பலாம்?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. அதற்குப் பிறகு வெயிலோடு ஈரக்காற்றும் சேர்ந்து வாட்டும். ஏப்ரல், மே மாதங்களில் தேவ்கட்டின் ஹாபூஸ் மாம்பழம் ஆசை காட்டும். அதற்குக் காரில் போங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ரத்னாகிரிப் பக்கம் 3,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிற பூமி அது. சாலையில் பாசி வழுக்கும், படகும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

வாரத்தின் எந்த நாளில் கிளம்புகிறீர்கள் என்பது மாதத்தைவிட முக்கியம் என்பேன். வெள்ளி ராத்திரியிலிருந்து ஞாயிறு மாலை வரை அலிபாக், காஷித், முருட் சாலை முழுக்க மும்பை, புனே கார்கள்தான். கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற டிரைவர்கள். திங்கள்கிழமை காலை மாண்ட்வாவில் இறங்கினால் அந்தப் பகுதி அமைதியாக இருக்கும். சனி, ஞாயிறு வரும்போது நீங்கள் குஹாகரைத் தாண்டிய, கூட்டம் குறைந்த பகுதியில் இருப்பீர்கள். தெற்கு நோக்கிப் போவதற்கு இன்னொரு காரணம், இந்தியாவில் இடதுபுறம் ஓட்டுகிறோம், கடலோ வலதுபுறம் வருகிறது. எதிர்வாகனம் இல்லாத நேரத்தில் பரந்த காட்சி கிடைக்கும். கடல் பக்கமே ஒட்டி ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கோவாவிலிருந்து வடக்கே வரலாம். ஆனால் கடைசி இரண்டு நாள் நெரிசலில் முடியும்.

முடியவில்லை என்றால்? 1998-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கன் ரயில்பாதை இந்தச் சாலைக்கு உள்புறமாக, அதே திசையில் ஓடுகிறது. குஹாகரில் சோர்ந்தால் சிப்ளூண், மால்வணில் சோர்ந்தால் குடால். அங்கேயும் போக நடுவில் மேடு உண்டு என்பதால், உடம்பு முழுக்க விட்டுப்போகும் முன்பே முடிவெடுங்கள், அல்லது ஒரு டெம்போ பிடியுங்கள். சிக்னல் பல குடாக்களில் போய்விடும். அதனால் யுபிஐயை மட்டும் நம்பாமல் கையில் பணம் இருக்கட்டும்.

பாலங்கள் வந்துவிட்டால்?

ரேவஸிலிருந்து ரெட்டி வரை முழுக் கடலோரத்தையும் இணைக்கிற 'சாகரி மகாமார்க்' என்பது 1980-களின் தொடக்கத்தில் முதல்வராக இருந்த ஏ.ஆர்.அந்துலே காலத்திலிருந்தே பேசப்படுகிற திட்டம். அண்மை ஆண்டுகளில்தான் பெரிய கழிமுகங்களின் மேல் பாலம் கட்டும் வேலைகள் வேகம் பிடித்திருக்கின்றன. அவை முடிந்தால் படகுகள் ஒவ்வொன்றாகத் தேவையற்றுப் போகும். உயரமான பாலத்தில் நேராகப் போகிறவருக்குச் சில இறக்கங்களும் ஏற்றங்களும் மிச்சமாகும். கூடவே சந்துச் சாலைகளில் பெரிய வண்டிகளும் வரும்.

சைக்கிள்காரர்கள் சிலர் இதை நினைத்து வருத்தப்படுவதைக் கேட்கலாம். ராத்திரியில் பிரசவ வலி வந்து, கடைசிப் படகும் போய்விட்ட கரையில் நிற்கிற குடும்பத்துக்கு அந்த வருத்தம் புரியாது. பாலம் வேண்டும். நாம் கேட்கக்கூடியது, பாலத்தின் ஓரத்தில் நடக்கவும் மிதிக்கவும் ஒரு தடம். அதைக் கட்டும்போதே கேட்டால்தான் உண்டு.

இப்போதைக்கு, கடைசி நாளில் ரெட்டியைத் தாண்டியதும் தேரேகோல் கோட்டைப் பக்கம் ஒரு ஏற்றம் வரும். ஆற்றுக்கு வடகரையில் இருந்தாலும் அந்தக் கோட்டை கோவாவைச் சேர்ந்தது. அதனால் படகு ஏறும் முன்பே மாநிலம் மாறிவிடும். அக்கரையில் கேரி. அங்கிருந்து மட்காவ்ன் ரயில் நிலையத்துக்கு இன்னும் ஒரு நாள் ஓட்டம் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை லக்கேஜ் வேனில் ஏற்ற, ரயில் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி முன்பாகவே பார்சல் ஆபீசில் இருக்க வேண்டும். டிக்கெட், அடையாள அட்டை நகல், சைக்கிளைச் சுற்ற ஒரு பழைய சாக்கு, மறக்காமல்.